ஈரத் துணியின் எடை

எங்கள் சலவைக் கடையில் துணி உலர்த்தும் மெஷின் அன்று காலை நின்றுவிட்டது. நூற்றிருபது படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் துண்டுகளும் துவைத்து முடிந்து ஈரமாகக் கிடந்தன. எல்லாம் ஒரு தங்கும் விடுதிக்கு உரியவை. விடுதி மேலாளர் எங்களுக்குக் கொடுத்த முதல் வேலை அது. மதியம் இரண்டு மணிக்குள் மடித்துக் கொடுத்தால் மாதம் முழுவதும் வேலை உங்களுக்கு, இல்லையென்றால் இதோடு சரி என்று சொல்லியிருந்தார். ரிப்பேர்காரர் வருவார் என்று அண்ணனைக் கடையில் விட்டுவிட்டு, அண்ணியும் நானும் துணிகளை வேனில் ஏற்றிக்கொண்டு, ஊரின் மறுகோடியில் இருந்த இன்னொரு சலவைக்காரரின் மெஷினை நம்பிக் கிளம்பினோம்.

பதினொன்று பத்துக்கு, பாதி வழியில், பின்பக்க இடது டயர் காற்று இறங்கிப் படுத்துவிட்டது.

"பதறாதீங்க அண்ணி. இருபது நிமிஷ வேலை," என்றேன்.

சமதளமான இடம் பார்த்து ஓரங்கட்டினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன் சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். அதுவரை எல்லாம் முறைப்படிதான். பிறகு ஜாக்கியை எடுத்தேன்.

அந்த ஜாக்கி வேனுடையது அல்ல. முன்பு வைத்திருந்த சின்னக் காரை விற்றபோது, புத்தம் புதிதாக இருக்கிறதே என்று நான்தான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன். வேனுக்கு அது எட்டவில்லை. அடியில் இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கினேன்.

எங்கள் வேனில் ஸ்டெப்னி வண்டியின் வயிற்றுக்கு அடியில் தொங்கும். அதை இறக்கும் கம்பி துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிட்டது. மல்லாந்து படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டேன்.

அண்ணி குனிந்து ஜாக்கியைப் பார்த்தார். "இதுல எண்ணூறு கிலோன்னு போட்டிருக்கு. வண்டி எவ்வளவு?"

"ஆயிரத்து முந்நூறு. முழு வண்டியவா தூக்குறேன்? ஒரு மூலையத்தானே."

"துணி?"

"பில்லுல இருநூறு."

"அது காஞ்ச துணியோட எடை தம்பி! வாங்கும்போது போட்டது. இப்ப தண்ணி குடிச்சிட்டு நானூறை நெருங்குது. மொதல்ல கைய வெளிய எடு."

"ரெண்டே நிமிஷம் அண்ணி..."

"உங்க அண்ணனுக்குப் போன் பண்ணி என்னன்னு சொல்ல? துணி பத்திரமா இருக்கு, தம்பி கை மட்டும் வண்டிக்கடியிலன்னா?"

வெளியே வந்தேன். கோபம்தான். "சரி, வந்தாச்சு. ரெண்டு மணிக்கு எப்படிப் போறதாம்?"

"போக முடியாது," என்று சொன்ன கையோடு மேலாளரைக் கூப்பிட்டார். "சார், வண்டி பஞ்சர். ரெண்டு மணிக்கு வராது. மூணே முக்காலுக்குக் கொண்டு வந்துடுவேன். நீங்க ஏதாவது ஏற்பாடு பண்ணணும்னா பண்ணிக்கத்தான் இப்பவே சொல்றேன்."

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"வாங்க, பாக்கலாம்னாரு."

ஜாக்கியை இறக்கினேன். கீழ்ச் செங்கல் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. அண்ணி பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஜாக்கி வைக்கும் இடத்துக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு உயரம் என்று ஒரு குச்சியை முறித்து அளவெடுத்தேன். நாங்கள் தாண்டி வந்த உதிரிபாகக் கடைக்கு நடந்தேன்.

"வேனா? இத எடுங்க, அஞ்சு டன். லாரியையே தூக்கும்," என்றார் கடைக்காரர்.

குச்சியை நிறுத்திப் பார்த்தேன். ஜாக்கி உயரமாக இருந்தது. "லாரியத் தூக்கும், சரி. என் வண்டிக்கு அடியிலயே போகாதே."

"குச்சியோட வந்த மொத ஆள் நீங்கதான் சார்," என்று சிரித்தார்.

இரண்டு டன் ஜாக்கி குச்சிக்கு இரண்டு விரற்கடை தணிவாக நின்றது. முழுக்க ஏற்றிப் பார்த்தோம், செங்கல் தேவைப்படாது. கடைக்காரர் ஓர் இரும்பு ஸ்டாண்டையும் எடுத்து வைத்தார். "அடியில கைய விடுற வேலைன்னா இதுவும் வேணும். ஜாக்கி தூக்கத்தான். தாங்குறதுக்கு இது."

நான் திரும்பியபோது, அண்ணி நான்கு விரிப்புகளைத் தரையில் பரப்பி, அவற்றின்மேல் பாதித் துணி மூட்டைகளை இறக்கியிருந்தார்.

"நாலு போச்சே அண்ணி."

"நாலோட போச்சு. மீதிய இறக்கு."

காலி வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டைக் கொடுத்து, அதன்மேல் வண்டி உட்கார்ந்த பிறகே கையை உள்ளே விட்டேன். ஸ்டெப்னியைப் பிடுங்கி எடுக்கவே கால் மணி நேரம் ஆயிற்று.

சக்கரத்தை மாட்டி, மறுகோடி மெஷினில் துணியை உலர்த்தி மடித்து, விடுதிக்குப் போனபோது மணி மூன்று ஐம்பது. மேலாளர் எண்ணிப் பார்த்தார். "நூத்திப் பதினாறுதானே இருக்கு?"

"நாலு தரையில கெடந்தது சார். மறுபடி துவைச்சு நாளைக்குக் காலையில வரும்," என்றார் அண்ணி.

மேலாளர் நோட்டில் நான்கு பாக்கி என்று குறித்துக்கொண்டார். "நீங்க முன்னாடியே சொன்னதால, மூணு மணிக்குத் தங்க வந்தவங்கள, ஏற்கெனவே விரிப்பு போட்டிருந்த கீழ்மாடி ரூமுக்கு அனுப்பிட்டேன். இல்லன்னா மானம் போயிருக்கும். ஆனா லேட்டு லேட்டுதாம்மா. இந்த மாசம் மேல்மாடி மட்டும் உங்களுக்கு. கீழ்மாடி இதுவரைக்கும் துவைச்சுக் குடுத்த பழைய ஆளுக்கே."

வண்டியில் ஏறியதும், "பாதி போச்சு," என்றேன்.

"மேல்மாடியில முப்பது ரூம் இருக்கு தம்பி. வண்டிய எடு. கடையில மெஷின் ரிப்பேர்காரர் ஆறு மணிக்கெல்லாம் கெளம்பிடுவாரு, அதுக்குள்ள ஓட்டிப் பாத்துடணும்."