ஒற்றை அறை, பெண்களுக்கு மட்டும்

விடுதி அறையில் ஆள் தங்கிய சுவடே தெரியாமல் துடைத்தெடுப்பதுதான் அவளுடைய வேலை. குளியல் தொட்டியில் ஒரு முடி கிடந்தாலும் மேற்பார்வையாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அப்படிப்பட்டவள் வீட்டு டேப்லெட்டில் சுவடு விடுவாளா? துறைமுக நகரில் தனக்கொரு வாடகை அறை தேடியவள், பார்த்த பக்கங்களின் பட்டியலை ஒவ்வொரு முறையும் ஒன்று விடாமல் அழித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

புருஷன் ரயிலில் டிக்கெட் பரிசோதகன். முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாத ஆளைப் பிடித்துவிடுவான் என்று கூட வேலை செய்பவர்கள் மெச்சுவார்கள். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். "எங்க ஏறுன? எங்க இறங்குன? ஏன் பத்து நிமிஷம் லேட்டு?" பதில் பிடிக்காவிட்டால் கதவைத் தாழிடுவான். கடைசியாகத் தாழிட்ட நாளிலிருந்து அவளுக்கு இடது மணிக்கட்டு சரியாக மடங்குவதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் டேப்லெட்டில் செய்தி படித்துக்கொண்டிருந்தவன் சிரித்தான்.

"இந்தக் கூத்தைப் பாரேன். 'ஒற்றை அறை, பெண்களுக்கு மட்டும், உங்களுக்காகக் காத்திருக்கிறது.' எனக்கு எதுக்கு வருது இது? எந்த ஊருன்னுகூடப் போடல."

அவள் மடித்து வைத்த துணியை மறுபடி உதறி மடித்தாள். "கண்ட விளம்பரமும்தான் வருதுங்க இப்பல்லாம்."

அவன் திரையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். நல்லவேளை, பால் பொங்கியது. அவள் அடுப்படிக்கு ஓடினாள்.

மறுநாள் விடுதியில் வரவேற்பு மேசை அக்காவைத் தனியாகப் பிடித்தாள். மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுவிட்டதே அந்த அக்காதான்.

"எல்லாத்தையும் அழிச்சேன்க்கா. அப்புறம் எப்படி?"

"நீ அழிச்சது பாத்த பக்கங்களோட பட்டியலை. குக்கீயை அழிச்சியா? ஒரு கடைக்குள்ள நுழையும்போதே உன் முதுகுல சீட்டு ஒட்டிடுறாங்கன்னு வச்சுக்கோ. அடுத்து எங்க போனாலும் அதைப் படிச்சுட்டுத்தான் விளம்பரம் காட்டுறான். முதல்ல 'ஏற்கிறேன்'னு ஒரு பெட்டி வந்திருக்குமே?"

வந்தது. வந்த இடத்திலெல்லாம் ஏற்கிறேன் என்று அழுத்தியிருந்தாள். பதினோரு வருஷமாக எதற்கும் சரி சொல்லியே பழகிய கை, வேறென்ன செய்யும்?

"இப்ப அந்த அறை?"

"பேசி முடிச்சாச்சு. வியாழக்கிழமை கிளம்பணும்."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அந்தாளு மோப்பம் பிடிச்சாச்சு. சீட்டைக் கிழிச்சா மட்டும் போதாது. வேற சீட்டை ஒட்டி விடு."

அவன் பணிக்குப் போயிருந்த மதியத்தில் குக்கீகளை அழித்துவிட்டு, துறைமுகத்துக்கு நேர் எதிர்த்திசையில் இருந்த மலை ஊரில் அறை தேடினாள். கேட்ட இடத்திலெல்லாம் ஏற்கிறேன், ஏற்கிறேன் என்று அழுத்தினாள்.

செவ்வாய்க்கிழமை அவன் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். திரையில் மலை, பனி, ஊர்ப் பெயரோடு ஒற்றை அறை. அவன் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தான்.

"சாப்பாடு போடு."

அவ்வளவுதான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேள்வி கேட்காத புருஷனை அவள் பார்த்ததே இல்லை. அன்றும் மறுநாளும் அவளுடைய கைப்பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தான். சீப்பும் சாவியும்தான் விழுந்தன.

வியாழக்கிழமை சீருடையோடு வேலைக்குப் போனவள், அழுக்குத் துணி வண்டி வெளியேறும் பின்வாசல் வழியாக, கையில் ஒன்றுமில்லாமல் துறைமுகத்துக்குப் பஸ் ஏறினாள். வழிநெடுக, ஏறுகிற ஒவ்வொருவரும் அவனாகத் தெரிந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா புது எண்ணுக்குக் கூப்பிட்டாள்.

"முந்தாநாள் இங்க வந்து நின்னாருடி. நான் வாயே திறக்கல. 'அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்'னு சிரிச்சாரு. அவரு கூட வேலை செய்யுறவங்ககிட்ட விசாரிச்சேன், மலைக்குத்தான் போயிருக்காரு, இன்னும் திரும்பல."

போன உயிர் பாதிதான் திரும்பியது. மலையில் எத்தனை விடுதி இருக்கும்? எல்லாவற்றையும் தேடி முடித்த பிறகு?

வேலை தேடப் புதுக் கைபேசியைத் திறந்தாள். முதல் பக்கத்திலேயே பெட்டி வந்து நின்றது. பச்சையில் பெரிதாக 'ஏற்கிறேன்'. ஓரத்தில் மங்கலாக 'மறுக்கிறேன்'. விரல் தானாகப் பச்சைக்குப் போனது. இழுத்துப் பிடித்து, ஓரத்தில் இருந்ததை அழுத்தினாள்.

அழுத்திவிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். அடி விழவில்லை. பக்கம் திறந்துகொண்டது. இருந்தாலும் எழுந்து போய், உள்தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.