குழாய்க்காரருக்கு ஒரு சாட்சி

குழாய்க்காரருக்குப் பேச்சு வராது. சுவருக்குள் எங்கே கசிகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் நாலு பேர் முன்னால் நிறுத்தினால் வெறும் காற்றுத்தான் வரும். அவர் போகும் ஜெபச் சபையில் அவருக்கு 'காத்துக்குழாய்' என்று பெயர். பெயர் சூட்டியது வேறு யாருமல்ல, கட்டிய மனைவிதான்.

மாதக் கடைசி ஞாயிறு அங்கே சாட்சி நேரம். கடவுள் தனக்குச் செய்ததை யாராவது ஒருவர் மேடையேறிச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாக, அந்த ஞாயிறாகப் பார்த்து எங்கேயாவது ஒரு குழாய் வெடித்து அவரைக் காப்பாற்றிவிடும். இந்தத் தடவை பாஸ்டர் முந்திக்கொண்டார்.

"பிரதர், வர்ற ஞாயிறு நீங்கதான். எந்தக் குழாய் வேணா வெடிக்கட்டும், ஊரே மிதக்கட்டும். நீங்க வரணும்."

"ரெண்டு வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்?" என்றாள் மனைவி. அவள் மேடை ஏறினால் முக்கால் மணி நேரம் இறங்கமாட்டாள். அவளால் மூன்று குடும்பங்கள் சபைக்கு வந்திருக்கின்றன. கணவரின் சாமான் பெட்டியிலும் ஊருக்குக் கொடுக்கக் கடவுளைப் பற்றி அச்சடித்த கைப்பிரதிக் கட்டு ஒன்றைத் திணித்து அனுப்புவாள். ஸ்பேனருக்கு அடியில் அது கட்டுப் பிரியாமலே கிடந்தது. மேடைப் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். கடவுளைப் பற்றி ஒரு மனிதரிடம்கூட வாய் திறக்காத நான் எதைச் சாட்சி சொல்வது என்பதுதான் அவரை உள்ளுக்குள் அரித்தது. தன்னால் கடவுளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்றே நம்பினார், பாவம்.

சனிக்கிழமை மாலை வழக்கம்போல் தையல்காரர் வீட்டுக்குப் போனார். தையல்காரருக்கு இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம். தனிக்கட்டை. கத்தரிக்கோலைவிட வாய் கூர்மை. அதற்குப் பயந்தே உறவுக்காரர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றப் போனவர்தான் குழாய்க்காரர். பாத்திரம் மலையாகக் குவிந்திருந்தது. "அடைப்பு இருக்கான்னு பார்க்கணும்" என்று சொல்லி அத்தனையையும் கழுவி வைத்தார். மறுநாள், "வாஷர் நிக்குதான்னு பாக்க வந்தேன்" என்று மருந்தோடு வந்தார். அதற்கடுத்த நாள் வெந்நீர் சரியாக வருகிறதா என்று பார்க்க, தையல்காரரையே குளிப்பாட்டிப் பார்த்தார்.

"ஒரு வாஷருக்கு எட்டு மாசமாய்யா? உன்னை யாருய்யா அனுப்பறது?" என்று தையல்காரர் தினமும் கேட்பார்.

"குழாய் பாக்கதான் ஐயா வந்தேன்" என்பார் இவர்.

அன்றைக்கு இவர் முகம் செத்துக் கிடந்ததைப் பார்த்துத் தையல்காரர் விடாமல் துருவினார்.

"நாளைக்குப் பத்து மணிக்குச் சபையில நிக்கணும் ஐயா. பெரியவங்க எல்லாரும் இருப்பாங்க. சாட்சி வேணும். எங்கிட்ட சாட்சியே இல்ல."

தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு காலத்தில் சாட்சி சொல்ல ஆள் வராததால் வழக்கில் தோற்றுக் கடையை இழந்தவர் அவர். சாட்சி என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்.

"அப்படி என்னய்யா தப்பு பண்ணினே?"

"ஒண்ணுமே பண்ணலையே ஐயா. அதுதான் தப்பு."

ஞாயிற்றுக்கிழமை மேடையில் நின்ற குழாய்க்காரருக்கு வியர்வை மட்டும் தாராளமாக வந்தது. "நான்... வந்து... வாஷர்..." என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து வாசற்கதவு படாரென்று திறந்தது.

"விசாரணைய நிறுத்துங்க!"

நடக்க உதவும் நாலுகால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தையல்காரர் நின்றிருந்தார். தானே தைத்த பழைய கோட்டுக்குள் மூச்சு வாங்கிற்று. எட்டு மாதத்தில் அவர் வாசலைத் தாண்டியது அன்றைக்குத்தான்.

"இந்த ஆளுக்குச் சாட்சி நான்! சொல்றதெல்லாம் உண்மை. என் நகத்தைக்கூட இவர்தான் வெட்டி விடறார். நான் திட்டாத திட்டில்ல, மறுநாளும் வந்து நிப்பார். இவர் மேல ஒரே ஒரு குத்தம் உண்டு. பொய் சொல்வார். என் குழாய் மொத நாளே சரியாயிடுச்சு. எட்டு மாசமா அதையே பாக்க வர்றதா சொல்றார். அதுக்காகத் தண்டிக்கறதா இருந்தா நானும் கூட நிக்கறேன்."

'காத்துக்குழாய்' என்று பெயர் சூட்டிய மனைவிக்குக் கண் நிறைந்திருந்தது.

"கடவுள் இருக்காரா இல்லையா, எனக்குத் தெரியாது. ஆனா இந்த மனுஷனை யாரோ தினமும் எங்கிட்ட அனுப்பறாங்க. யாருன்னு கேட்டா, குழாய்ங்கறார். உங்கள்ல யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. அவரை நான் பாக்கணும்."

பாஸ்டருக்குப் பதில் தெரியும். அதைச் சொல்லிப் பிழைக்கிறவர்தானே! ஆனாலும் அவர் சொல்லவில்லை. குழாய்க்காரரைப் பார்த்தார். குழாய்க்காரர் மைக்கை வைத்துவிட்டு இறங்கிப் போய்த் தையல்காரருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மொதல்ல உக்காருங்க ஐயா, இடுப்பு வலிக்கும்" என்றார். பக்கத்தில் தானும் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவர் பேரைச் சொல்றேன்."