டெஃபனட்டா வருகிறவர்களின் செருப்புகள்

அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு, வருவதாகச் சொன்னவர்களின் செருப்புகள் மட்டும் வந்து சேர்ந்தன. லிஃப்ட் கம்பெனியில் புகார் போன் எடுக்கும் அம்மாள் அங்கே தனியாக இருந்தாள். அவள் கணவர் இறந்த மாதம் இது ஆரம்பித்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் படியிறங்கும்போது, "இனிமே டெஃபனட்டா அடிக்கடி வரோம்" என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது, சொன்னவர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி வாசலில் கிடந்தது. நாத்தனாரின் குதிகால் தேய்ந்த செருப்பு, கணவரோடு வேலை பார்த்தவரின் கறுப்பு ஷூ, சித்தப்பா மகனின் வார் அறுந்து தைத்த செருப்பு. ஆட்கள் அந்த வாரமும் வரவில்லை, அந்த வருஷமும் வரவில்லை.

வெறுமனே "வரேன்" என்றவர்களுக்கு எதுவும் வரவில்லை என்பதை அவள் சீக்கிரமே கவனித்தாள். "டெஃபனட்டா" என்ற அந்த ஒரு சொல்லைக் கூடச் சேர்த்தால்தான் செருப்பு வந்தது. அவளுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. அகராதி அந்தச் சொல்லுக்கு நிச்சயமாக என்று பொருள் சொல்கிறது. அகராதி எழுதியவர்கள் யாரும் புகார் போன் எடுத்ததில்லை. அவள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மெக்கானிக் உண்மையிலேயே புறப்பட்டுவிட்டால் "கிளம்பிட்டாரு" என்பார்கள், பேச்சு முடிந்தது. அனுப்ப ஆளே இல்லாத நாளில்தான் "இன்னைக்கு டெஃபனட்டா வந்துருவாரு" என்பார்கள். சூப்பர்வைசர் நல்ல மனுஷர், கூசாமல் பொய் சொல்ல வராது, அதனாலேயே அவருக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. கொஞ்ச நாளில் கம்பெனிக்கும் இது தொற்றிக்கொண்டது. "மெக்கானிக்கோட பூட்ஸ் வந்து ரெண்டு நாளாச்சும்மா, ஆளு எப்ப வருவாரு?" என்று லிஃப்ட் நின்றுபோன ஒரு கட்டடத்தின் எட்டாம் மாடியிலிருந்து ஒரு முழங்கால் வலிக்காரர் போனில் கேட்டார். அவள் "டெஃபனட்டா" என்று ஆரம்பித்ததும், "ஐயோ வேணாம், இன்னொரு ஜோடிய எங்க வெக்கிறது" என்று கெஞ்சினார். அதற்குப் பிறகு கம்பெனியில் அதையும் ஒரு புகாராகப் பதிய ஆரம்பித்தார்கள்.

மகன் கடல் தாண்டிப் போனவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான், "இந்த லீவுக்கு டெஃபனட்டா வரேம்மா" என்று முடிப்பான். திங்கட்கிழமை காலை அவன் ஷூ வாசலில் இருக்கும். சில வருஷங்களில் அதன் பக்கத்தில் மருமகளின் செருப்பும் சேர்ந்து வந்தது. பிறகு ஒரு நாள், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு ஜோடி. பேத்தி பிறந்ததை மகன் போனில் சொன்னான். அவள் நடக்க ஆரம்பித்ததைச் சொன்னது அந்தக் குட்டி ஷூதான். அடியில் மண் ஒட்டியிருந்தது. போட்டோவில் பேத்தி எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் சிரித்தாள். ஷூவில்தான் அவள் அவளாக இருந்தாள். இடது கால் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. தாத்தாவுக்கும் அப்படித்தான் தேயும். அம்மாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள், அன்று பஸ்ஸைத் தவறவிட்டாள்.

வாசல் நிறையச் செருப்பு கிடந்தால் ஊர் என்ன நினைக்குமோ அதையே நினைத்தது. "உங்களுக்கென்னங்க, வீடு எப்பவும் ஜேஜேன்னு இருக்கு" என்றாள் எதிர்வீட்டுக்காரி, மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது. "விருந்தாளிங்க இருக்கிற நேரத்துல நாம வேற எதுக்குன்னுதான் நான் வரதில்ல." அம்மாளுக்கு ரோஷம் ஜாஸ்தி. "ஆமாமா, ஒரே கூட்டம், மூச்சுவிட நேரமில்ல" என்றாள். அந்த வருஷம் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, மாடிக்காரர்கள் அவள் வாசலைக் கடக்கையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு போவது படுக்கையிலிருந்தே கேட்டது. விருந்தாளிகளுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதாம். தொண்டை கட்டியிருந்ததால் கூப்பிடவும் முடியவில்லை. காய்ச்சல் விட்டதும் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். மறுநாள் காலை, தூசி தட்டி வரிசையாக அடுக்கியதுபோல் எல்லாம் திரும்ப இருந்தன.

வழி காட்டியது நாத்தனார்தான். ஒரு நாள் போனில், "அண்ணி, சும்மா சொல்லிட்டே இருக்கேன். என்னால அங்க வர முடியாது. அண்ணன் இல்லாத வீட்டப் பாக்க எனக்குத் தெம்பில்ல" என்று அழுதுவிட்டாள். மறுநாள் அவள் செருப்பு இல்லை; அவள் பெயரில் சேர்ந்திருந்த அத்தனையும் இல்லை. அம்மாளுக்கு வருத்தத்தைவிட மரியாதைதான் வந்தது. அதற்குப் பிறகு மகனை மட்டும் விட்டுவிட்டு, மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, "நெஜத்த சொல்லிடுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்று கேட்டுக்கொண்டாள். சிலர் கோபித்தார்கள், சிலர் தட்டிக்கழித்தார்கள், கடைசியில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். வாசல் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. பல வருஷங்களுக்குப் பிறகு தரை தெரிந்த அன்று, எதிர்வீட்டுக்காரி வந்து மணியடித்தாள். "ஊருக்குப் போயிட்டாங்களா எல்லாரும்?" என்று கேட்டு, உள்ளே வந்து, டீ குடித்து, ஒரு மணி நேரம் ஊர் வம்பு பேசினாள். போகும்போது சுவரோரம் குவிந்திருந்த மகன் குடும்பத்துச் செருப்புகளைப் பார்த்து, "இதுவும் போயிட்டா நான் தெனமும் வந்துருவேன், பாத்துக்கோங்க" என்று சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனின் குரல் வேறு மாதிரி இருந்தது. "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கேன். நாங்க இங்கயே வீடு வாங்கிட்டோம். இனிமே அங்க..."

அவன் என்ன சொல்லப் போகிறான் என்பது அவளுக்குத் தெரியும். புகார் போன் எடுத்து எடுத்துக் காது பழுத்தவள். அவனும் நல்ல பிள்ளை, உண்மையைச் சொல்லித் தலைச்சுமையை இறக்கி வைக்கப் பார்த்தான். சொல்லிவிட்டால் வாசல் காலி, எதிர்வீட்டுக்காரி தினமும் வருவாள். உள்ளங்கைக்குள் அடங்கிய அந்த முதல் ஜோடியும் போய்விடும்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று இடைமறித்தாள். "டெஃபனட்டா வரேன்னு சொல்லு."

"அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"சொல்லேன்டா. எல்லாரும் வரோம்னு சேத்துச் சொல்லு."

மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"டெஃபனட்டா வரோம்மா" என்றான். "எல்லாரும்."

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தாள். பேத்திக்குக் கால் ஒரு அளவு கூடியிருந்தது. இந்தத் தடவை லேஸ் வைத்த ஷூ, ஒரு முடிச்சு கோணலாக இருந்தது, தானே கட்டப் பழகுகிறாள் போலிருக்கிறது. அம்மாள் முந்தானையால் அதைத் துடைத்து, முன்பக்கம் வீட்டைப் பார்த்திருக்கும்படி திருப்பி வைத்தாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.