மே மாதத்து மரியாதை

மே மாதம் பிறந்துவிட்டால் நாகலிங்கத்துக்கு மரியாதை கூடிவிடும். கோழியையும் மீனையும் உறைய வைத்து அடுக்கும் கிடங்கில் வேலை, துபாயின் அல் குசைஸில். உள்ளே ஃப்ரீசரில் மைனஸ் இருபது டிகிரி. வெளியே யார்டில் லாரிக்குச் சரக்கேற்றுகிறவர்களுக்கு மண்டையைப் பிளக்கிற வெயில். நாகலிங்கம் நான்கு வருஷமாக உள்ளே. அவர் தள்ளுவண்டியோடு கதவைத் திறக்கும்போதெல்லாம் யார்டு ஆட்கள் ஓடிவந்து முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள் அண்ணே என்று கெஞ்சுவார்கள். டீ வரும், பரோட்டா வரும், ரூமில் கீழ்க்கட்டில்கூடக் கிடைக்கும். கொடுத்து வைத்த மனுஷன் என்று வாய்க்கு வாய் சொல்வார்கள்.

நவம்பர் வரட்டும், பார்க்க வேண்டுமே இந்தப் பயல்களை! காற்று இதமாக வீசத் தொடங்கியதும் 'அண்ணே' போய் 'யோவ்' வந்துவிடும். மரப்பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து வெயில் காய்வார்கள். அதே கதவு திறந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று நாகலிங்கம் கேட்டால் காதில் விழாத மாதிரி நடையைக் கட்டுவார்கள். சூப்பர்வைசர் கலீலுர் ரஹ்மானின் சட்டம் எளிது: இரண்டு பேர் ஒத்துக்கொண்டு வந்து நின்றால் மாற்றிக் கொடுப்பார், இல்லாவிட்டால் போய் வேலையைப் பார் என்பார். மே மாதத்தில் மாறிக்கொள்ள ஆள் வரிசையில் நிற்கும். அப்போது நாகலிங்கம் அசைய மாட்டார். அந்த உபசாரம் அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

2006 ஏப்ரலில் அவருடைய வலது கை விரல்கள் வெளுத்து, கிள்ளினாலும் உறைக்காமல் போயின. கிளினிக்கில் மலையாளி டாக்டர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இன்னும் ஒரு வருஷம் அந்தக் குளிரில் நின்றால் விரல்களை வெட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அந்த மே மாதம் டீயோடு வந்தவன் பாண்டித்துரை. பரமக்குடிப் பக்கத்துக்காரன், அதே ரூம், எதிர்க்கட்டில். நாகலிங்கம் அவனிடம் சீட்டைக் காட்டினார். கோடைக்கு மட்டும் வந்து குளிர் காய்ந்துவிட்டு நழுவுகிற ஆள் வேண்டாம், வந்தால் வருஷம் பூராவும் நீதான் உள்ளே என்றார்.

"எம் பொண்ணு மேல சத்தியம்ணே. நீங்க இனி அந்தக் கதவத் தொடவே வேணாம்," என்றான் பாண்டித்துரை.

அந்தக் கோடையை நாகலிங்கம் யார்டில் தள்ளினார். நான்கு வருஷம் வெயில் படாத உடம்பு. ஜூலையில் இரண்டு தடவை மயங்கி விழுந்தார், மூக்கில் ரத்தம் வந்தது. வந்தால் வரட்டும், விரல்களுக்கு உயிர் திரும்பிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் ஒருநாள் லாரியின் இரும்புக் கதவு சுட்டுவிட, கையை உதறிக்கொண்டு சிரித்தார் மனுஷன். வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்தார்கள்.

நவம்பர் முதல் வாரம் பாண்டித்துரைக்கு வீசிங் வந்துவிட்டது. ஐந்து மாதம் உள்ளே நின்றபோது வராத வீசிங், வெளியே காற்று குளிர்ந்த மறுநாள் எப்படி வந்ததோ! அதற்கும் ஒரு டாக்டர் சீட்டு வைத்திருந்தான். கலீலுர் ரஹ்மான் நாகலிங்கத்தைக் கூப்பிட்டனுப்பி, பழைய இடத்துக்கே போகச் சொன்னார். நாகலிங்கம் தன் சீட்டை நீட்டினார். சூப்பர்வைசர் அதை இரண்டு தடவை படித்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது, தாழ்ந்த குரலில்தான் சொன்னார்.

"இத நான் ஆபீசுக்கு அனுப்புனா, கை சரியில்லாத ஆளு எதுக்குன்னு உன்ன ஊருக்கு ஏத்தி விட்டுருவாங்க. அனுப்பவா?"

நாகலிங்கம் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஃப்ரீசர் ஜாக்கெட்டை மாட்டினார்.

டிசம்பரில் ஒரு மதியம் தள்ளுவண்டி கதவிடுக்கில் சிக்கிக்கொண்டது. விரல்களுக்குப் பிடி கிடைக்கவில்லை, இழுக்க இழுக்க வழுக்கியது. எதிரே பலகை மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான் பாண்டித்துரை. எழுந்து வந்து ஒரு கை கொடுப்பான் என்று நாகலிங்கம் பார்த்தார்.

"யோவ், கதவச் சாத்துய்யா. குளிருதுல்ல," என்றான் அவன், முகத்தைக்கூடத் திருப்பாமல்.

நாகலிங்கம் தோளைக் கொடுத்து வண்டியைத் தள்ளினார். மார்ச்சில் அவருடைய சுண்டுவிரல் நுனி கறுத்தது.

மறுபடியும் மே மாதம் பிறந்தது. வெட்கம் கெட்டவன், அதே டீயோடு, அதே அண்ணேயோடு ஃப்ரீசர் கதவுக்கு வந்து நின்றான். கலீலுர் ரஹ்மானையும் கையோடு அழைத்து வந்திருந்தான். வீசிங் சுத்தமாகச் சரியாகிவிட்டதாம். மாற்றிக்கொள்ளச் சம்மதமா என்று சூப்பர்வைசர் கேட்டார். கேட்கும்போது அவர் கண் அந்தச் சுண்டுவிரலில் இருந்தது. சரியென்று சொல்லித் தொலையேன் என்பது போலத் தலையை ஆட்டினார்.

சரியென்று சொன்னால் ஐந்து மாதமாவது விரல்கள் பிழைக்கும். அது நாகலிங்கத்துக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டிக்கிடக்க, கதவுக்குள்ளிருந்து வந்த குளிரைக் கண்ணை மூடி வாங்கிக்கொண்டு பாண்டித்துரை சுகமாக நின்றதைப் பார்த்தார். இந்தச் சுகம் இவனுக்குக் கிடைக்கக் கூடாது என்று தோன்றியது.

டீயை வாங்கிக் குடித்தார். சூடு உதட்டில் தெரிந்தது, கையில் தெரியவில்லை. காலி டம்ளரை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மாஃபி, முடியாது," என்றார் சூப்பர்வைசரிடம். பிறகு பாண்டித்துரையைப் பார்த்தார்.

"தள்ளி நில்லுய்யா. கதவச் சாத்தணும்."

உள்ளே போனார். கதவின் கைப்பிடியை விரல்களால் பிடித்து இழுக்க வரவில்லை. முழங்கையை அதற்குள் கொடுத்து, இழுத்து மூடினார்.