கோணல் கிண்ணம்

மழைக்காலம் முடிந்ததிலிருந்து தோகுஜியின் கார் தெருவில்தான் நின்றது. அதன் கொட்டகையில் ஒரு சின்னக் கடைசல் எந்திரம் குடியேறிவிட்டது. காலமெல்லாம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன், மரக் கிண்ணம் கடையப் போகிறேன் என்று கிளம்பினால் யார் நம்புவார்கள்? அவர் மனைவி மிட்சுயோ நம்பவில்லை.

காரணத்தை அவர் அவளிடம் சொல்லவுமில்லை. வசந்தத்தில் வந்த பக்கவாதம் அவளுடைய இடது கையைச் சோர வைத்துவிட்டது. சூப் கிண்ணத்தை அந்தக் கையில் ஏந்தித்தான் வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். குனிந்து கிண்ணத்தில் வாய் வைப்பது நாய் தின்பது மாதிரி என்று சொல்லியே மகளை வளர்த்தவள் அவள். இப்போது எந்தக் கிண்ணமும் அவள் விரலில் நிற்கவில்லை.

"புத்தாண்டுக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்கல்ல, நான் அடுப்படியிலயே இருந்துக்கறேன். பந்தியை நீங்க பாத்துக்கோங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள்.

தோகுஜிக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவள் இல்லாமல் என்ன புத்தாண்டு? அவள் கை தாங்குகிற அளவுக்கு லேசாக ஒரு கிண்ணம், அவ்வளவுதான் அவருக்கு வேண்டும்.

முதல் மரத்துண்டில் உளியை ஒரே அழுத்தாக அழுத்தினார். துண்டு பிய்த்துக்கொண்டு பறந்து, மூலையில் இருந்த முள்ளங்கி ஊறுகாய்த் தொட்டியில் மோதியது.

"என்னங்க, உயிரோட இருக்கீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நான் இருக்கேன். ஊறுகாய்தான் போச்சு."

இரண்டாவதை மெல்லிசாக்கி மெல்லிசாக்கி அடியையே காணாமல் அடித்தார். மிட்சுயோ அந்த ஓட்டை வழியாக அவரைப் பார்த்தாள். "லேசாத்தான் இருக்கு. சூப்பை எங்க ஊத்தறது?"

சூறாவளியில் பக்கத்து வீட்டுச் செர்ரி மரம் சாய்ந்தது. அதில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்தார். "பச்சை மரம், காயறப்போ கோணும். தடியாக் கடைஞ்சு வச்சிட்டு, அடுத்த வருஷம் காஞ்சதும் மெல்லிசாக்குங்க" என்றார் அதை அறுத்துக் கொடுத்த மரக்கடைக்காரர். ஒரு நிமிஷம் தாமதம் பொறுக்காத ரயில்காரருக்கு அடுத்த வருஷமா? அன்றைக்கே மெல்லிசாகக் கடைய உட்கார்ந்துவிட்டார். உளியின் முதுகை முதலில் மரத்தின்மேல் சும்மா உரசவிட்டு, பிறகு பிடியை மெதுவாகத் தூக்கினால் அது தானாக வெட்டும் என்று கை அதற்குள் கற்றிருந்தது. ஈரச் சீவல்கள் நாடா நாடாவாகச் சுருண்டு விழுந்தன. விரல் கோத்துப் பிடிக்க அடியில் உயரமாக ஒரு வளையம் விட்டார். அப்பழுக்கில்லாத வட்டம். பெருமை தாங்காமல் அதைத் தன் காலுறைகளுக்கு நடுவே ஒளித்து வைத்தார்.

வருஷக் கடைசியில் எடுத்துப் பார்த்தால், கிண்ணம் இரண்டு பக்கமும் ஒடுங்கி, விளிம்பு நெளிந்து, முட்டை மாதிரி ஆகியிருந்தது. மனசு விட்டுப்போய், கணப்புக்கு வைத்திருந்த சுள்ளிக் கூடையில் போட்டுவிட்டார்.

சுள்ளி எடுக்க வந்த மிட்சுயோ கண்ணில் அது பட்டது. "இது யாருக்கு?"

"கணப்புக்கு. கோணிப்போச்சு."

அவள் அதை இடது கையில் வைத்துப் பார்த்தாள். ஒடுங்கிய பக்கம் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. தூக்கினாள். நழுவவில்லை. இன்னொரு முறை தூக்கினாள்.

"இதுக்குத்தான் காரைத் தெருவுல நிறுத்தினீங்களா?"

அவள் எண்ணெய்ப் புட்டியை எடுத்து, துணியால் கிண்ணத்துக்குத் தேய்க்க ஆரம்பித்தாள்.

புத்தாண்டன்று பந்தியில் மிட்சுயோ அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மோச்சி என்கிற அரிசிக் கொழுக்கட்டை போட்ட சூப் கிண்ணத்தை இடது கையில் ஏந்தினாள். கிண்ணம் வாய்வரை போனது.

"அழகா இருக்கே, எந்தக் கடையில வாங்கினீங்க?" என்றாள் சம்பந்தியம்மா.

"கடையில கிடைக்காதுங்க. இவருக்கு வட்டமாச் செய்ய வராது."

எல்லாரும் சிரித்தார்கள். தோகுஜிக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தன் கிண்ணத்துக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

மிட்சுயோ முழங்கையால் அவரை இடித்தாள். "கிண்ணத்தைத் தூக்கிக் குடிங்க. சம்பந்தியம்மா பாக்கறாங்க."