கையெழுத்து பொருந்தவில்லை

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி இருந்த அன்னதான அறக்கட்டளையில் மணிமொழிதான் ஒரே மாதச் சம்பளக்காரி. மாதம் நூற்றியொரு ரூபாய் தருவதாக நானூற்றுப் பதிமூன்று பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ‘என் கணக்கிலிருந்து மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஒவ்வொருவரும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அதற்கு மேன்டேட் என்று பெயர். படிவத்தை வங்கி ஏற்றுக்கொண்டதா, ஐந்தாம் தேதி பணம் வந்ததா, வரவில்லை என்றால் என்ன காரணம் என்று பார்த்துக் குறித்துவைப்பது மணிமொழியின் வேலை.

அந்தக் குறிப்பு அவள் கம்ப்யூட்டரோடு இருந்திருந்தால் வம்பே இல்லை. பொருளாளர் ராமதாஸ் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்காணிக்க ஒன்றும் இல்லாமல் வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொந்தக் காசில் பெரிய டிவி ஒன்று வாங்கி, ரோட்டைப் பார்த்து மாட்டிவிட்டார். நன்கொடையாளர் பெயர்கள் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். பணம் வந்தால் பச்சை, வங்கியின் பதிலுக்குக் காத்திருந்தால் மஞ்சள், திரும்பி வந்தால் சிவப்பு. சிவப்புக்குப் பக்கத்திலேயே காரணமும் இருக்கும்.

அதற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. கணக்கில் காசில்லாதவர்கள் நாலாம் தேதியே வங்கிக்கு ஓடினார்கள். மூன்றாவது மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வரி பச்சையாகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் சிவப்பு.

‘வெள்ளையம்மாள் – கையெழுத்து பொருந்தவில்லை.’

வெள்ளையம்மாள் டிவிக்கு நேர் எதிரில்தான் வேர்க்கடலையை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, வேகவைத்து விற்றுக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கத் தன் பெயர் சிவப்பாக வந்து போவதைப் பார்த்துக்கொண்டே பொட்டலம் மடிக்க வேண்டியிருந்தது. கள்ளக் கையெழுத்துக் கேஸ் என்று ஊரில் பேச்சு கிளம்பி, செங்கத்திலிருந்து சம்பந்தியம்மாள் போன் போட்டு, “வக்கீலு யாராச்சும் பாக்கட்டுமா?” என்று கேட்டபோதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அளக்கிற படியை அப்படியே வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து அலுவலகத்துக்கு வந்தாள்.

“இன்னா பாப்பா இது? எம் பேரு மட்டும் இன்னாத்துக்கு செவப்பா கீது? இந்தா நூத்தியொண்ணு. வாங்கிக்கினு பச்சையாக்கு.”

மணிமொழி ராமதாஸைப் பார்த்தாள்.

“ரொக்கம் வாங்கலாம்மா,” என்றார் ராமதாஸ். “ஆனா ரொக்கம் வாங்கினா வரி பச்சையாகாது. மேன்டேட் வழியா வந்தாத்தான் பச்சை.”

“காசு காசுதான சாரு?”

“காசு காசுதான். வரி வேற.”

கையெழுத்துக்குப் பதிலாகப் போனுக்கு வரும் எண்ணைச் சொல்லி மேன்டேட்டை முடித்துவிடலாம் என்றாலும் முடியவில்லை. வங்கியில் வெள்ளையம்மாள் என்றைக்கோ கொடுத்திருந்த எண் இப்போது போளூரில் ஓர் ஆட்டு வியாபாரியிடம் இருந்தது. மணிமொழி கூப்பிட்டு விவரம் சொல்லத் தொடங்கியதும், ஓ.டி.பி. கேட்கும் திருட்டுக் கும்பல் என்று நினைத்து அவர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் மணிமொழியும் வெள்ளையம்மாளும் திருவண்ணாமலைக்குப் போனார்கள். வங்கியில் நந்தினி என்ற அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள்.

“இதாங்க உங்க மாதிரிக் கையெழுத்து.”

திரையில் எழுத்து என்று ஒன்றும் இல்லை. மூன்று சுழி, வலப்பக்கம் ஓர் இழுப்பு, நடுவில் காகிதம் ஓட்டையாகிற மாதிரி ஒரு குத்து.

வெள்ளையம்மாள் வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, அன்னிக்கி பேனா எழுதல பாப்பா! ஸ்கூல்ல கேம்ப்பு போட்டு கணக்கு தொறந்தாங்க. ஒருத்தன் ஒரு பேனா குடுத்தான். எழுதுதானு கிறுக்கிப் பாத்தேன். அப்புறம் வேற பேனா வாங்கி பின்பக்கம் அழகா பேரு போட்டேன்.”

“முன்பக்கம்தான் ஸ்கேன் பண்ணியிருக்காங்க,” என்றாள் நந்தினி வருத்தத்தோடு.

“அப்ப இத மாத்திடுங்க மேடம்,” என்றாள் மணிமொழி.

“மாத்தலாம். மாத்தச் சொல்லி ஒரு லெட்டர் குடுக்கணும். அதுல இவங்க கையெழுத்து வேணும்.”

“போடுவாங்க.”

“இந்தக் கையெழுத்து,” என்று நந்தினி திரையைத் தொட்டுக் காட்டினாள்.

“அப்ப கைநாட்டு வெக்கட்டுமா?” என்று கேட்டாள் வெள்ளையம்மாள்.

“எழுதத் தெரிஞ்சவங்க வெக்கக்கூடாதுங்க.”

நந்தினி அந்தக் கிறுக்கலை ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து பயிற்சி ஆரம்பித்தது. மல்லாட்டை வாங்க ஆள் இல்லாத நேரமெல்லாம் வெள்ளையம்மாள் அறக்கட்டளை அலுவலகத்தில் உட்கார்ந்து கிறுக்கினாள். முதல் சுழி வரும், இரண்டாவது ‘ள்’ ஆகிவிடும். மகளிர் குழுவில் இரண்டு மாதம் கஷ்டப்பட்டு எழுதப் பழகிய கை அது. அலங்கோலமாகப் போட அதற்கு வரவில்லை. பழைய ரசீதுகளின் பின்பக்கமெல்லாம் தீர்ந்துபோயின.

வாசலில் ஆட்டோ நிறுத்தியிருந்த பிரகாஷ் ஒருநாள் எட்டிப் பார்த்தான். “இது இன்னா பெரிய விசயமா?” என்று பேனாவை வாங்கி ஒரே இழுப்பில் போட்டான். மூன்று சுழி, இழுப்பு, குத்து. அச்சு அசல்.

மணிமொழியும் வெள்ளையம்மாளும் ராமதாஸும் தாளையே பார்த்தார்கள்.

“அவனையே போடச் சொல்லு,” என்றாள் வெள்ளையம்மாள்.

ராமதாஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “அது மோசடிம்மா! ஜெயிலுக்குப் போகணும்!”

“நான் போட்டா தப்பு. அவன் போட்டா சரியா கீது, ஆனா மோசடி. நல்லா கீதே சாரு உங்க ஞாயம்!”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் நூற்றியொரு ரூபாயைக் கேட்டு வற்புறுத்தவில்லை. அவளாகத்தான் தர வந்தாள். மணிமொழிக்கு அன்று மதியம் வேலை ஓடவில்லை. அந்த ஒரு பெயரைச் சத்தமில்லாமல் அழித்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் அழித்தால் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டாகக் குறைந்ததை ராமதாஸ் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

எட்டாம் நாள் வெள்ளையம்மாள் ஒரு முடிவுக்கு வந்தாள். அந்தக் கணக்கையே மூடிவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கிவிடுவது. மறுபடி இருவரும் வங்கிக்குப் போனார்கள். கணக்கை மூடும் படிவத்திலும் அதே கையெழுத்து வேண்டும் என்று நந்தினி சொல்லி முடிப்பதற்குள், வெள்ளையம்மாள் கவுண்ட்டரில் நூல் கட்டித் தொங்கிய பேனாவை எடுத்துவிட்டாள். அது எழுதவில்லை. உதறினாள். எழுதவில்லை.

“சனியம் புடிச்ச பேனா, இதுவுமா!”

பல்லைக் கடித்துக்கொண்டு கிறுக்கினாள். முதல் சுழி வெறும் தடமாக விழுந்தது, இரண்டாவதில் மை இறங்கிற்று, மூன்றாவதில் பேனா பிய்த்துக்கொண்டு வலப்பக்கம் ஓடியது. ஆத்திரத்தில் நடுவில் ஒரு குத்து.

நந்தினி படிவத்தைக் கையில் எடுத்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி படிவத்தைப் பார்த்தாள்.

“பொருந்துதுங்க,” என்றாள் மெதுவாக.

மணிமொழி பையிலிருந்த புது மேன்டேட் படிவத்தை உருவி வெள்ளையம்மாளின் கைக்கு அடியில் தள்ளினாள். “பெரியம்மா, இதுலயும் போடுங்க! கோவம் போறதுக்குள்ள போடுங்க!”

போட்டாள். அதுவும் பொருந்தியது. கணக்கை மூடும் படிவத்தை நந்தினி தானே கிழித்துப் போட்டாள். “இப்பவே மாதிரிக் கையெழுத்தையும் மாத்திக்கறீங்களா?” என்று கேட்டாள்.

“வாணாம். எட்டு நாளு பட்டபாடு கொஞ்சமா? இதுவே இருக்கட்டும்.”

படிவம் ஏற்கப்பட்டதாக வங்கியிலிருந்து பதில் வந்தது. ஐந்தாம் தேதி பணமும் வந்தது. நானூற்றுப் பதிமூன்று வரியும் பச்சையாக ஓடியதை ராமதாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று கைகட்டிப் பார்த்தார். தன் போனில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டார். வெள்ளையம்மாளும் பக்கத்தில் நின்று தன் பெயர் வரும்வரை காத்திருந்து பார்த்தாள். அப்புறம் மணிமொழியிடம் வந்தாள்.

“எங் காசு வந்துடுச்சில்ல? அது எங்க போச்சி?”

மணிமொழி குறிப்பெண், வங்கி, தேதி, பணம் வந்த நேரம் எல்லாம் படித்துக் காட்டினாள்.

“அதில்ல பாப்பா. சோத்துல எங்க கீது?”

மணிமொழி திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். வெள்ளையம்மாள் பௌர்ணமியன்று கடையைப் பிரகாஷிடம் ஒப்படைத்துவிட்டு, பக்தர்களோடு வரிசையில் நின்று, இலை போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு நேராக அலுவலகத்துக்கு வந்தாள்.

“சாம்பார்ல பருப்பு கம்மி. தண்ணி ஜாஸ்தி.”

ராமதாஸ் டிவியைப் பார்த்தார். அதில் எல்லாமே பச்சையாக இருந்தது. “அதுக்கெல்லாம் காரணம் போட இடம் இல்லீங்களேம்மா,” என்றார்.

மணிமொழி கம்ப்யூட்டரை அப்படியே விட்டு எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். அறக்கட்டளையில் வேலை பார்த்த இரண்டு வருடத்தில் அவள் அதற்குள் நுழைந்ததே இல்லை. அடுத்த உலைக்கு அளந்து வைத்திருந்த துவரம்பருப்பைப் பார்த்தாள். பக்கத்தில் மூட்டை வாய் திறந்து இருந்தது. “இன்னும் ரெண்டு படி போடுங்கண்ணா,” என்றாள் சமையல்காரரிடம்.

“யாரு சொன்னதும்மா?”

“வெள்ளையம்மா பெரியம்மா.”

அவர் மறுபேச்சுப் பேசாமல் படியை எடுத்தார்.