சலவைக்கூடத்து அணியின் முதல் வெற்றி

கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த பெண்கள் ஐம்பத்தெட்டில் ஒரு கால்பந்து கிளப் தொடங்கினார்கள். டீச்சரம்மாக்களோடு ஆடிய ஆட்டம் எல்லாவற்றிலும் தோற்றார்கள். தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார்கள். கோல் காத்தவள் பூண்டிக்காரி ராக்காயி. அறுபத்தொன்றில், தை மாதக் குளிரில் நெஞ்சில் சளி கட்டி அவள் இறந்துபோனாள்.

காரியம் முடிந்த கையோடு தங்கை பொன்னுத்தாய் சலவைக்கூடத்துக்கு வேலைக்கு வந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கொதிக்கிற தண்ணீர் கையில் தெறித்தும் சுடவில்லை.

அந்த வாரம் ஆட்டம் இருந்தது. கோலில் நிற்க யாருக்கும் மனம் வரவில்லை.

"நீ நிக்கிறியா பொன்னு?" என்று அணித்தலைவி குப்பம்மாள் தயங்கிக் கேட்டாள். "வேணாம்னா சொல்லு, ஆட்டத்தையே நிப்பாட்டிருவோம்."

"நிக்கிறேன்க்கா. வீட்டுல கெடந்து மட்டும் என்ன செய்யப்போறேன்?"

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றாள். பந்தைக் கண்டு பயம்கூட வரவில்லை. ஒரு பந்து மூக்கில் மோதி ரத்தம் கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்ததையும் பிடித்தாள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் சிவபாக்கியம் ஒரு கோல் போட்டாள். ஜெயித்துவிட்டார்கள்.

பெண்கள் கத்திக்கொண்டு ஓடிவந்து பொன்னுத்தாயைத் தூக்கினார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது, சந்தோஷம்தான் வரவில்லை.

இறக்கிவிட்டதும் குப்பம்மாள் அழுதபடி அவள் கன்னத்தைத் தட்டினாள். "ஏதாச்சும் பேசுடி!"

"பசிக்குதுக்கா," என்றாள் பொன்னுத்தாய். அக்கா போன பிறகு அவளுக்குப் பசித்தது அன்றுதான்.